இடது பக்கம் அடிக்கும் மணி

அக்டோபர் 12, ஞாயிறு

சிதம்பரம் போய் மகள் தீபிகாவைப் பார்த்துவிட்டு வந்தோம். வேளாண்மை மூன்றாம் வருடம். வயலில் களப்பயிற்சி என்று வெயிலில் நன்றாகக் கறுத்திருக்கிறாள். கொண்டுபோன முறுக்கை அவளுடைய அறைத் தோழிகள் என் கண் முன்னாலேயே காலி செய்தார்கள்.

திரும்பி வரும்போது காரின் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஓட்டுநர் உதவி மென்பொருளின் இலவசக் காலம் முடிய இன்னும் 48 நாள். தொடர வேண்டுமானால் 95,000 ரூபாய். இந்த மின்சாரக் கார் வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. கேமரா, சென்சார் எல்லாம் வண்டியிலேயே இருக்கின்றன, மூன்று மாதம் சும்மா ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பணம் கட்டுங்கள் என்று ஷோரூமில் சொல்லித்தான் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டாமல் ஸ்டீரிங்கை அதுவே பிடிக்கிறது. குறுக்கே யாராவது வந்தால் மணி அடிக்கிறது. அப்போதும் நாம் மிதிக்காவிட்டால் அதுவே பிரேக் போடுகிறது.

"கட்டிடலாம்" என்றார் இவர். அவ்வளவுதான்.

பழைய வண்டியில் ஏ.சி. ரிப்பேருக்கு ஆறாயிரம் கேட்டார்கள் என்று இரண்டு கோடையை ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டிய மனுஷர். தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஏன்?

அக்டோபர் 15, புதன்

காலையில் மறுபடி கேட்டேன். அப்படி என்ன அவசியம் என்றேன்.

"லாரிக்காரன் எப்டி வர்றான்னு பாக்குறல்ல? வாரத்துக்கு மூணு நாளு சிதம்பரம் கடைக்குப் போறேன். ஒரு உசுருக்கு எவ்ளோ வெல போடுவ, லோகு?"

இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆனால் இருபத்தாறு வருடமாக அதே ரோட்டில்தான் ஓட்டுகிறார். மோட்டார் பம்பும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற கடை கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று. இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. அப்போதெல்லாம் இல்லாத பயம் இப்போது எங்கிருந்து வந்தது?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வேதியியல் ஆய்வகத்தில் தினமும் சொல்கிறேன் — அளந்து பார்க்காமல் எழுதாதீர்கள் என்று. நானும் அளக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மணி எத்தனை தடவை அடிக்கிறது, எதற்கு அடிக்கிறது என்று எண்ணப் போகிறேன். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்குத் தீபிகாவை அழைத்துவரப் போனோம். எண்ணினேன்.

போகும்போது 17 தடவை. இடது பக்கம் 15, வலது பக்கம் 2.
வரும்போது 14. இடது 13, வலது 1.

நாற்கரச் சாலையில் வலது பக்கம் நடுத்திட்டுதான். ஆள் நடமாட்டமெல்லாம் இடது ஓரத்தில். அதனால் இடது அதிகமாக இருப்பது சரிதான். ஆனால் இருபத்தெட்டுக்கு மூன்றா? ஊருக்குள் இரண்டு பக்கமும் கூட்டம் இருந்த இடத்திலும் இடதுதான் அடித்தது.

மூன்று தடவை வண்டி தானாகவே பிரேக் போட்டது. ஆலப்பாக்கத்தில் புல்லுக்கட்டு வைத்த சைக்கிள்காரி ஒருத்தி. எனக்கு அவளைத் தூரத்திலேயே தெரிந்தது. இவருக்கும் தெரிந்திருக்கும் என்று சும்மா இருந்தேன். வண்டி குலுங்கி நின்ற பிறகுதான் இவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

சென்சார் பழுதாக இருக்குமோ?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடாத மழை. அதிரசம் எண்ணெயில் உடைந்துபோனது. தீபிகா அதையும் நன்றாக இருக்கிறது என்று தின்றாள்.

அக்டோபர் 25, சனி

முதல் இலவச சர்வீஸ். காலையில் இவர் வண்டியை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மத்தியானம் நான் ஷோரூமுக்குப் போனேன். வண்டி கொடுத்த அன்று எல்லாம் விளக்கிச் சொன்ன அருண்பாண்டியன்தான் இருந்தார். இடது சென்சாரில் ஏதோ கோளாறு, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். என்னை உட்காரவைத்துக்கொண்டு ஆலப்பாக்கம் வரை போய்த் திரும்பினார். அதே ரோடு, அதே கூட்டம்.

இரண்டு தடவை அடித்தது. இடது ஒன்று, வலது ஒன்று.

"சென்சாரு பக்காவா இருக்குது மேடம்."

என் நோட்டைக் காட்டினேன். 31 தடவை, அதில் 28 இடது. பார்த்தார். 

"மேடம்… ஆளப் பாத்து நாமளே ஸ்லோ பண்ணிட்டோம்னா இது அடிக்காது. நாம பாக்காம போனாத்தான் அடிக்கும்."

நன்றி சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். பை, குடை எல்லாம் ஷோரூமிலேயே இருக்கிறது.

அவுருக்கு எடப்பக்கம் தெரியல. தெரியவே இல்ல.

டீ டம்ளரை இடது கையால் தட்டிவிட்டது எத்தனை தடவை. அறைக்குள் நுழையும்போது இடது தோளை நிலைப்படியில் இடித்துக்கொண்டது. மார்க்கெட்டில் நான் இடது பக்கம் போய் நின்றால் திடுக்கிடுவார். கவனமே கெடயாது உங்களுக்குன்னு கத்தியிருக்கேன். ஒரு வருஷமா கத்தியிருக்கேன். கட்டின புருஷன் கண்ணு போறது எனக்குத் தெரியல, ஒரு காருக்குத் தெரிஞ்சிருக்கு.

அக்டோபர் 26, ஞாயிறு

கேட்டுவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து?"

"எது?"

"எடது கண்ணு."

பேப்பரை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"போன தைலேர்ந்து. பாண்டிச்சேரில காமிச்சேன். கிளாக்கோமாவாம். கண்ணுல பிரஷரு ஜாஸ்தியாகி நரம்பு போயிடுதாம். எடதுல பாதிக்கு மேல போயிடுச்சி. வலதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. போனது வராதாம். இருக்குறத சொட்டு மருந்து போட்டு வச்சிக்கணும்."

மருந்துப் பாட்டில் கடை மேஜையின் இழுப்பறையில் இருக்கிறதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாய் என்று தெரியும் என்றார்.

"டாக்டரு ஓட்டலாம்னு சொன்னாரா?"

பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "அதுக்குத்தான் லோகு இந்த வண்டிய வாங்குனேன். கரண்டு மிச்சமாவும்னு இல்ல. கேமராவுக்காக. தொண்ணூத்தஞ்சாயிரத்துக்கு ஒரு கண்ணு கெடைக்குதுன்னா யாரு வேணாம்பா?"

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் நின்றேன். முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டேன் — இனி நீங்கள் வண்டியைத் தொடக் கூடாது.

அக்டோபர் 28, செவ்வாய்

தொட்டார். சிதம்பரம் போய்விட்டு மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என் தம்பி தமிழ்வேந்தனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "பாவம்க்கா மாமா. சாவிய வாங்கி வச்சிட்டா மனசு ஒடஞ்சிடுவாரு. பணத்தக் கட்டி வுட்டுடேன், வண்டியே பாத்துக்கும்ல?"

எல்லாருக்கும் இவர் மனசுதான் தெரிகிறது. ரோட்டோரம் நடந்து போகிறவர்களை ஒருத்தரும் நினைக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

வண்டியோடு வந்த புத்தகத்தில் ஓட்டுநர் உதவி பற்றி இருபத்திரண்டு பக்கம். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் இடைவேளையில் முழுவதும் படித்தேன். இது உதவி மட்டும்தான், பொறுப்பு எப்போதும் ஓட்டுகிறவருடையது. கனமழையில் இயங்காது. கேமராவில் சேறு பட்டால் இயங்காது. கோடு அழிந்த சாலையில், எதிர்வெயிலில், ஒழுங்காக இயங்காது.

மழையும் சேறும் அழிந்த கோடும் இல்லாத ரோடு கடலூர் மாவட்டத்தில் எது?

பென்சிலால் அடிக்கோடு போட்டு அவர் காபி பக்கத்தில் வைத்தேன். படித்தார். "எல்லாக் கம்பெனிக்காரனும் இப்டித்தான் எழுதி வைப்பான், கேஸு வரக்கூடாதுன்னு" என்றார்.

சரி. ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வீட்டில் கார் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. நான் கற்றுக்கொள்ளப் போகிறேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஸ்கூட்டி கூட ஓட்டியதில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. மஞ்சக்குப்பத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல், அவர்களுடைய கியர் வண்டி. சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் அன்புமணி. என் மாணவியின் சித்தப்பாவாம், அதனால் கோபம் வந்தாலும் திட்ட முடியாமல் தவிக்கிறார்.

"டீச்சர், கிளட்ச்ச பட்டுனு வுடாதீங்க. டீச்சர், பானட்ட ஏன் பாக்குறீங்க, ரோட்ட பாருங்க. டீச்சர்… டீச்சர்!"

முக்கால் மணி நேரத்தில் ஒன்பது தடவை வண்டி அணைந்தது. பின்னால் வந்த மினி பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. ரவிக்கை முழுக்க வேர்வை.

வீட்டில் இவர், "ஒனக்கு ஏன் இந்த வேல?" என்றார். சிரித்தார் கூட. சிரிக்கட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்னும் 20 நாள். இன்று ஒரு சமாதானத்தோடு வந்தார். முழுப் பணமும் கட்ட வேண்டாம், மாதா மாதம் நாலாயிரம் கட்டலாமாம். ஆறு மாதம் பார்ப்போமே என்றார். நான் அசையவில்லை. ஒரு லட்சம் கேட்டாலும் கட்டுவேன் என்றார். ஒன்றரை என்றாலும் கட்டுவேன் என்றார்.

அவர் தொகையை ஏற்றிக்கொண்டே போகப் போக எனக்குப் பயம்தான் அதிகமாகிறது. அருண்பாண்டியன் தன் வண்டிக்கு இதை வாங்குவதானால் எவ்வளவு கொடுப்பார்? இருபது, முப்பது ஆயிரம் கொடுப்பாரா? கண் நன்றாகத் தெரிகிறவருக்கு இது ஒரு வசதி. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறவர் ஸ்டீரிங்கில் உட்காரவே கூடாது. இதை அவரிடம் சொன்னேன். தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்றாவது கியரில் கெடிலம் பாலத்தைத் தாண்டினேன்!

நவம்பர் 23, ஞாயிறு. சிதம்பரம், ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே கொட்டுகிறது. விடுதியிலிருந்து போன் — தீபிகாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போது 104, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று. மூன்று நாளாக எங்களிடம் சொல்லவில்லை. அப்பனைப் போலவே.

இரண்டு டாக்ஸிக்காரர்களுக்குப் போட்டேன். இந்த மழையில் வரமாட்டோம் என்றார்கள். பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் சாவியோடு வாசலில் இருந்தார். நான் ஏறாவிட்டால் தனியாகப் போவார். ஏறினேன். அது சரியா தப்பா? இப்போதும் தெரியவில்லை.

புதுச்சத்திரம் வரை வண்டியே பார்த்துக்கொண்டது. அதைத் தாண்டியதும் மழை இன்னும் வலுத்தது. திரையில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்து வந்தது: கேமரா மறைக்கப்பட்டுள்ளது, ஓட்டுநர் உதவி இயங்கவில்லை. ஸ்டீரிங் அவர் கையில் சட்டென்று தளர்ந்தது எனக்கே தெரிந்தது. அறுபதில் போய்க்கொண்டிருந்தவர் முப்பதுக்கு இறக்கினார்.  நான் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"சைக்கிளு ஒண்ணு போவுது. கொஞ்சம் வலது வாங்க."

"ம்."

"ரெண்டு பேரு கொடையோட. தாண்டிட்டாங்க. போங்க."

"ம்."

"மாடு. நில்லுங்க. நில்லுங்க… இப்ப போங்க."

அப்படியே பு.முட்லூர் பக்கம் வந்துவிட்டோம். தொண்டை வறண்டுவிட்டது. ஜன்னல் கண்ணாடி புகை படிந்தாற்போல மங்கியது, முந்தானையால் துடைத்தேன். அந்த ஒரு நிமிடம்தான். நிமிர்ந்தால், வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரியவர், பழுதான டி.வி.எஸ்.ஸைத் தள்ளிக்கொண்டு. "நில்லுங்க!" என்று அலறினேன். மிதித்தார். இடது பக்கக் கண்ணாடி அந்த மனிதரின் தோளில் பட்டு மடங்கியது. அவர் தடுமாறி, வண்டியை மேலே போட்டுக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இறங்கி ஓடித் தூக்கினேன். அடி இல்லை. நல்லவேளை, அடி இல்லை. அவர் எழுந்து நேராக இவருடைய ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியை ஓங்கி அறைந்தார்.

"யோவ், கண்ணு தெரியலயா ஒனக்கு?"

இவர் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். மழை உள்ளே அடித்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலங்க" என்றார். "நெசமாவே தெரியலங்க. மன்னிச்சிடுங்க."

 அந்தப் பெரியவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாத்துப் போங்க" என்று முனகிவிட்டு டி.வி.எஸ்.ஸைத் தள்ளிக்கொண்டு போனார்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். அங்கே வரை நான் முன்னால் நடந்தேன், இவர் நடை வேகத்தில் பின்னால் ஓட்டிவந்தார். ஓரமாக நிறுத்திப் பூட்டினார். சாவியை என் கையில் கொடுத்தார்.  இரண்டு பேரும் நனைந்தபடியே பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தோம். பஸ்ஸில் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் பொது இடத்தில் அப்படிச் செய்ததில்லை.

டெங்கு இல்லை. இன்று காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி கேட்டாள்.

நவம்பர் 24, திங்கள்

தீபிகாவிடம் அவரே சொன்னார். "ஏம்ப்பா சொல்லல?" என்று ஒரு மணி நேரம் அழுதாள். நீ மட்டும் சொன்னியா காய்ச்சலை என்று இவர் கேட்டதும் அழுகையிலேயே சிரித்தாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்து சாவி வாங்கிப்போன அருண்பாண்டியன் வண்டியைக் கடலூர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாராம்.

நவம்பர் 29, சனி

இலவசக் காலம் இன்றோடு முடிந்தது. யாரும் பணம் கட்டவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பாண்டிச்சேரிக்கு இரண்டு பேரும் போனோம். டாக்டர் பார்வைப் பரிசோதனைத் தாளை என்னிடம் காட்டினார். கறுப்பாக இருக்கும் இடம் தெரியாத இடம். நிறையக் கறுப்பு. வலது கண்ணில் இன்னும் நிறைய வெள்ளை இருக்கிறது, அதைக் காப்பாற்றிவிடலாம் என்றார். வலது கண்ணுக்கு லேசர், இரண்டு வேளைச் சொட்டு மருந்து, ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. வண்டி வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொன்னார். இவர் தலையாட்டினார்.

சொட்டு மருந்து இப்போது சாப்பாட்டு மேஜையில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி.

டிசம்பர் 18, வியாழன்

டெஸ்டில் ஃபெயில். பின்னால் எடுக்கும்போது கோட்டில் ஏறிவிட்டேன். அன்புமணி என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். நாளைக் காலை ஆறரை மணிக்கு மறுபடி பயிற்சி.

டிசம்பர் 22, திங்கள்

இவர் பஸ்ஸில்தான் சிதம்பரம் போய்வருகிறார். முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கடைசி சீட்டில் உட்கார்ந்தாராம். இன்று வந்ததும் வராததுமாக, "பக்கத்து சீட்டுல ஒரு வெவசாயி. பேச்சுவாக்குல அஞ்சு ஹெச்.பி. மோட்டாரு ஒண்ணு ஆர்டர் குடுத்துட்டாரு" என்றார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜனவரி 8, வியாழன்

பாஸ்!

ஜனவரி 24, சனி

லைசென்ஸ் வந்ததிலிருந்து தினமும் வண்டி எடுக்கிறேன். குறிஞ்சிப்பாடி பள்ளிக்கும் அதிலேயே போய்வருகிறேன். எந்த உதவியும் இல்லாமல், வெறும் வண்டி. மென்பொருளுக்குப் பணம் கட்டலாமா என்பதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன் என்று சொல்லியிருந்தேன். இது இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றிய இடங்களைக் குறித்து வைத்தேன்.

மொத்தம் மூன்று. நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து பாய்ந்த ஆடு. முன்னால் போன ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்றது. பள்ளி முடிந்து வரும்போது ஒருநாள் கண் சொக்கியது. மூன்றிலும் எனக்கு வேண்டியிருந்தது மணியும் பிரேக்கும்தான். ஸ்டீரிங்கை வேறு யாராவது பிடித்தால் தேவலை என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை.

ஷோரூமுக்கு இரண்டு பேரும் போனோம். எச்சரிக்கையும் பிரேக்கும் மட்டும் உள்ள சின்னத் தொகுப்பு 32,000. முழுவதும் என்றால் 95,000, இந்த மாதம் எடுத்தால் ஏழாயிரம் தள்ளுபடி.

"முழுசா வாங்கிடு லோகு" என்றார் இவர். "ஒனக்குன்னா நான் யோசிக்கவே மாட்டேன்."

"நான் யோசிச்சிட்டேன். ஸ்டீரிங்க நான் புடிச்சிக்கிறேன், அதுக்கு எதுக்குப் பணம்?"

அருண்பாண்டியன் இவர் முகத்தைப் பார்த்தார். "மேடம் சொல்றதுதான்ப்பா" என்றார் இவர். என் சம்பளக் கணக்கிலிருந்து முப்பத்திரண்டாயிரம் கட்டினேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தீபிகாவையும் ஏற்றிக்கொண்டு பிச்சாவரம் போனோம். படகில் ஒரு மணி நேரம். திரும்பும்போது அவளை விடுதியில் இறக்கிவிட்டுக் கடலூர் கிளம்பினோம்.

சிதம்பரம் தாண்டும் வரை இவர் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். லாரிய ஒட்டாத. இப்ப ஓவர்டேக் பண்ணு. ஏன் பிரேக்குல கால வைக்குற. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது குரல் நின்றது. கோபித்துக்கொண்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

சீட்டைப் பின்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். காரில் இவர் தூங்கி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்தேன். கடலூர் வரை எழுப்பவில்லை.